யாரும் தொடாமல் திறந்த பக்கம்

என்னிடம் இரண்டு போன் இருக்கிறது. ஒன்று எல்லோரும் வைத்திருப்பதைப் போன்றது. மற்றது பொத்தான் வைத்த பழைய போன். அதன் மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பட்டி போட்டு வைத்திருக்கிறேன். ஹட்டனில் கணினி திருத்தப் படிக்கும் பிள்ளைகளிடம் தொழிலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச உட்கார்ந்தபோது இரண்டு போனையும் மேசை மேல் வைத்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்.

"சேர், அந்தக் குட்டி போன் யாருக்கு? அம்மாவுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இது ஒரு கடையோட போன். கடை இப்ப இல்ல."

"கடையே இல்லாட்டி போன் எதுக்கு சேர்?"

அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பிறகு அவர்கள் வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன்தான். மின்வெட்டும் டொலர் தட்டுப்பாடும் வந்த வருடம் உதிரிப்பாகம் எதுவும் கொழும்பிலிருந்து வரவில்லை. கடையை மூடினோம். இப்போது ராகலையில் மரக்கறி வாங்கி அனுப்பும் ஒரு நிலையத்தில் கோவா, கரட் நிறைகளைக் கணினியில் பதிகிறேன். அந்தக் கணினிக்கு எதுவும் வந்தால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வந்து பார்க்கிறார். நான் எழுந்து இடம் விட்டு நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெருவிரல் வைத்தவர்கள். கிளாக்கர் ஐயா தாளை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கம் வைப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். நான் ஏ.எல். பரீட்சை முடித்து, ஒரு கணினிப் பயிற்சியும் முடித்து, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஹட்டன் பஜாரில் பவானி அக்காவின் கடைப் படியேறினேன்.

அக்காவின் குடும்பம் அந்தக் காலத்திலேயே புடவைக் கடை வைத்தவர்கள். கீழே தகப்பனும் தம்பியும் புடவை விற்பார்கள். மேல் மாடியில் ஒரு அறையை வாங்கிக்கொண்டு அக்கா கணினி திருத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் காதில் சொருகிய ஸ்குரூ டிரைவர். பொம்பளை கடை என்று நக்கலாகச் சொன்னவர்களும் பெட்டி பழுதானால் அந்தப் படிதான் ஏறினார்கள்.

என் சான்றிதழை அவர் உறையிலிருந்து எடுக்கவேயில்லை. "இது பத்திரமா இருக்கட்டும். மழைக்கு நனைஞ்சா திரும்பத் தரமாட்டாங்க" என்று சொல்லி என் கையிலேயே கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினார். அதுதான் வேலை கிடைத்த விதம்.

நாங்கள் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் ஒரே பழுது. இணையத்தைப் பார்க்க உதவும் பிரவுசருக்கு மேல், ஒட்டுண்ணி மாதிரி சின்னச் சின்ன உதிரி நிரல்கள் ஏறிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பாட்டு இறக்கித் தருகிறேன், வானிலை சொல்கிறேன் என்று வரும். வந்தபின் விளம்பரம் காட்டுவதுதான் அதன் வேலை. ஒன்றைத் தேடினால் வேறொன்றைக் காட்டும். நீங்கள் திறக்காத பக்கத்தை அதுவே திறக்கும். எப்படி உள்ளே வருகிறது என்றால், நாம்தான் விடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். அனுமதி என்று அழுத்தினால்தான் அடுத்தது நடக்கும் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் பெருவிரல் ஞாபகம் வரும். தாளைத் திருப்பிவிட்டார்கள், வைத்துவிட வேண்டியதுதான்.

ஒருமுறை ஒரு தோட்டத்துப் பழைய கிளாக்கர் டை கட்டிக்கொண்டு, குடையோடு வந்தார். கணினியில் அவருக்குப் புதுப் போன் பரிசு விழுந்திருக்கிறதாம், எங்கே வாங்குவது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"ஐயா, அத அனுப்பினவன்கிட்டயே போன் கெடையாது. அதான் உங்க நம்பரக் கேக்குறான். பெட்டியக் கொண்டாங்க, அந்த ஆள வெளிய அனுப்பிருவோம்" என்றார்.

கிளாக்கர் ஐயா டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ சிரிச்சே, கீழ போய் புடவ மடி."

அக்கா வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் இணையத்தைத் துண்டிப்பார். பிறகு எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றையும் விரலால் காட்டி, "இது நீங்க போட்டதா?" என்று கணினிக்காரரிடமே கேட்பார். இல்லை என்றதை எடுப்பார். எடுத்ததோடு முடியாது. தேடும் பக்கத்தைப் பழையபடி வைப்பார். அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கியிருக்கும் தளங்களை ஒவ்வொன்றாக நீக்குவார். கணினியில் அண்மையில் ஏறிய நிரல்களைத் தேதிப்படி பார்ப்பார். முகப்பில் இருக்கும் பிரவுசர் சின்னத்துக்குள்ளே ஏதாவது முகவரியை ஒட்டவைத்திருக்கிறதா என்று பார்ப்பார். அதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், அதன் வழியாகத்தான் திரும்ப வரும்.

எல்லாம் முடிந்தபின் அவருடைய சொந்த முறை ஒன்று இருந்தது. இணையத்தைத் திரும்பக் கொடுத்து, பிரவுசரைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் மௌஸை விட்டுக் கையை எடுக்க வேண்டும். "கைய மடில வைங்க" என்பார், போட்டோ பிடிக்கிறவர் மாதிரி. தேத்தண்ணி வரும். குடித்து முடிக்கும்வரை திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் தொடாமல் எதுவும் திறக்கவில்லை என்றால்தான் பெட்டி வீட்டுக்குப் போகும்.

அவர் வைத்திருந்த தடை இரண்டு. எடுத்ததைத் திரும்பப் போடக்கூடாது. என்னென்ன பக்கம் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறக்கவே கூடாது.

"ஏங்க்கா, அதப் பாத்தா எங்கருந்து வந்துச்சுன்னு டக்குனு தெரிஞ்சிருமே?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போனா, அவரு ஒன் வீட்டு அடுப்படிக்கு வந்து சட்டியத் தொறந்து பாப்பாரா?"

"பாக்க மாட்டாரு."

"அப்ப நீயும் சட்டிய மூடிட்டு வேலயப் பாரு."

இனி, அந்தக் குட்டி போன் யாருக்காக இருக்கிறதோ அந்தப் பிள்ளையின் கதை.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் இணையத்தில் நடந்த காலத்துக்குப் பிறகு, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ராசையா என்பவர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கணினிப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்ன பழுது என்று கேட்டேன். சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து கீழே போனதும்தான் வாய் திறந்தார்.

"அசிங்கமா படம் வருது தம்பி. வீட்ல பொம்பளப் புள்ள இருக்கு. அது இனி வராம பூட்டிற முடியுமா?"

"பூட்ட வேண்டியதில்ல பெரியப்பா. எடுத்துருவோம்."

பட்டியலில் யாரும் போடாத ஒரு பாட்டு இறக்கும் எக்ஸ்டென்ஷன் இருந்தது. எடுத்தேன். முறைப்படி எல்லாம் பார்த்தேன். தேத்தண்ணி குடித்தோம். அவர் கடைசிவரை திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் அதே சாக்கோடு திரும்பி வந்தார். இந்த முறை உட்காரவேயில்லை.

"திரும்ப வந்திருச்சு. மெஷின்ல பிழை இல்லன்னு மகன் சொல்லிட்டான். அப்ப ஆள்லதானே பிழை?"

அக்கா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டியைத் தொடவேயில்லை.

"இது இங்க சுத்தமா இருக்கு, வீட்டுக்குப் போனா அழுக்காகுது. அப்ப பெட்டியப் பாத்து புண்ணியமில்ல. நீ வீட்டுக்குப் போய்ப் பாரு" என்று என்னை அவரோடு அனுப்பினார்.

நோர்வூட் தாண்டி வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் சாக்கு எங்கள் இருவர் மடியிலும் இருந்தது. அப்போதுதான் அவர் சொன்னார். மகன் சிவா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். தங்கச்சி தர்ஷினி ஏ.எல். படிக்க வேண்டும் என்று கணினி வாங்கி அனுப்பியவன் அவன்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பார்த்ததும் அவன்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தர்ஷினியும் ஒன்றாக உட்கார்ந்து பாடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளையின் தாய் பாக்கியமும் கூட இருக்கும்போது, திரையில் படம் சத்தத்தோடு திறந்துகொண்டது. லயம் என்ற வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கூரைவரை சுவர் கிடையாது. அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அவ அண்ணன் சொல்லிட்டான், படிச்சது போதும்னு. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறான். கொழும்புல வேலைக்கு ஒரு எடம். தங்குற வசதியோட."

"பரீட்ச?"

அவர் சாக்கைச் சரிசெய்தார். பரீட்சைக்கு அதிக நாள் இருக்கவில்லை.

வீட்டில் முன்னறையில் சாமிப் படங்களுக்குக் கீழே மேசை. திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே ஒரு டவலைப் போட்டு மூடியிருந்தார்கள். செத்த வீட்டில் கண்ணாடியை மூடுகிற மாதிரி இருந்தது. பிள்ளை வெளியே வரவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பாக்கியம்தான் முதலில் வாசலில் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, படம் காட்டுற மெஷின் சரியாயிருச்சா? டிக்கட் போடலாமா?"

"பாக்கியம், போயி ஓன் வேலயப் பாரு" என்றார் ராசையா. அவர் போகவில்லை.

கணினியின் வயர்களை மாட்டி இணையத்தைக் கொடுத்தேன். நான் கடையில் எடுத்த அதே எக்ஸ்டென்ஷன், அதே இடத்தில், நான் எதையும் எடுக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் பிரவுசரின் மேல் மூலையில் இருந்த வட்டப் படத்தைக் கவனித்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன். பின்னால் கடல்.

"இது யாரு பெரியப்பா?"

"மகன்தான்."

அடுப்படிக்குள்ளிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது. "அது அண்ணனோட கணக்கு. எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதுதான்."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கரண்ட் மீட்டர், தண்ணீர்க் குழாய், வீட்டுத் திட்டத்துக்குக் கொடுத்த விண்ணப்பம் எல்லாம் மூத்த மகன் பேரில்தான் இருக்கும். இணையக் கணக்குத் திறக்கவும் ஒரு பேரும் போன் நம்பரும் வேண்டும். அதற்கும் அவன் பேர்தான், அவன் நம்பர்தான். கொழும்பில் அவன் திறந்து வைத்திருக்கும் அதே கணக்கு இங்கே இந்த மேசையிலும் திறந்திருந்தது. ஒரே கணக்கு இரண்டு கணினியில் இப்படித் திறந்திருந்தால், அங்கே பிரவுசரில் போடுவது இங்கே வந்து இறங்கும். இங்கே எடுப்பது அங்கேயும் காணாமல் போகும்.

"அண்ணன் கொழும்புலயும் இந்தக் கணக்கத்தான் தொறந்திருக்காரா?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டேன்.

"ஆமா. நான் என்ன பாக்குறேன்னு அங்கருந்தே அவருக்குத் தெரியும்னு சொன்னாரு. அப்படிப் பாத்துத்தான் என்னய..."

பார்த்த பக்கங்களின் பட்டியலும் அந்தக் கணக்கோடு போய்வரும். எக்ஸ்டென்ஷன் தானாகத் திறந்த அசிங்கமான பக்கங்களின் பேரையெல்லாம் அவன் கொழும்பிலிருந்து வாசித்திருக்கிறான். அதைத்தான் சாட்சி என்று வைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா அந்தப் பட்டியலை ஏன் திறக்கவிடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

முதலில் இந்தக் கணினிக்கும் அந்தக் கணக்குக்கும் இருந்த தொடர்பை நிறுத்தினேன். பிறகு எக்ஸ்டென்ஷனை எடுத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. ராசையாவுக்கு விளங்கப்படுத்தினேன். பிள்ளை எதையும் தேடவில்லை, எதையும் திறக்கவில்லை, இது கணக்கு வழியாக வந்து தானாகத் திறந்தது என்று என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். இங்கிலீஷ் டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டினார்.

"சரிங்க தம்பி. மெஷின் மெஷின்தான். ஆனா அது யாருக்கும் சும்மா வந்து காட்டுமா? காட்டச் சொன்னாத்தானே காட்டும்."

அப்போது தர்ஷினி வெளியே வந்தாள். பள்ளிக்கூடச் சட்டையைத்தான் வீட்டு உடுப்பாகப் போட்டிருந்தாள். கழுத்துப் பட்டியை மட்டும் கழற்றியிருந்தாள். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, இத திரும்ப வரவைக்க முடியுமா?"

"எத?"

"அந்தப் படத்த. யாரும் தொடாம, அப்பா கண்ணு முன்னாடி. அம்மாவும் இருக்கணும்."

பாக்கியம், "ஐயோ சாமி!" என்றார்.

நான் வெளியே போய், மழைக்குக் கூரை இறவாணத்தின் கீழ் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரு கேக்குறா, தகப்பனா?"

"இல்லக்கா. அந்தப் புள்ளதான்."

"அவளுக்கு அந்தத் தைரியம் இருக்குன்னா நம்ம சட்டம் என்னத்துக்கு? போடு. எல்லாரும் கைய மடில வைக்கட்டும். நீயும்தான்."

தேயிலை மலையில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு தாய் வரும்வரை காத்திருந்தோம். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேண்டாம் என்றார். பிள்ளை அவர் கையைப் பிடித்து, "ஒரே ஒரு தடவம்மா" என்றாள். நான் தொடர்பைத் திரும்பத் திறந்துவிட்டேன். பிறகு மௌஸின் வயரையே கழற்றி மேசை ஓரத்தில் வைத்தேன். தர்ஷினியின் பாடப் பக்கம் திரையில் திறந்திருந்தது. மேல் வரிசையில் எக்ஸ்டென்ஷனின் சின்னப் படம் வந்து உட்கார்ந்தது.

நான்கு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். வாசலில் பாக்கியமும் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வருகிற விளம்பரங்களை விரட்டுவதே தொழிலாக இருந்தவன், ஒன்று வர வேண்டும் என்று அன்றைக்கு முருகன் படத்தைப் பார்த்தேன்.

வந்தது. பாடப் பக்கத்துக்கு மேல் வேறொரு பக்கம் தானாக விரிந்து, சத்தத்தோடு, துணியில்லாத ஒரு பெண். தாய் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். ராசையா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா" என்றாள் தர்ஷினி. "படத்தப் பாக்க வேணாம். என் கையப் பாருங்க."

அவள் இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்திருந்தாள். அவர் பார்த்தார். நிறைய நேரம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு, மௌஸைப் பார்த்தார், தொங்கும் வயரைப் பார்த்தார். கடைசியாகத் திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே கறுப்புக் கண்ணாடியோடு அவருடைய மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவருக்கு விளங்கிவிட்டது.

"மூடுங்க தம்பி" என்றார்.

பாக்கியம் திரும்பி லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "அடியே, மெஷின்லதான்டி பிழ! புள்ளயில ஒண்ணுமில்ல! என் கண்ணால பாத்தேன்!" வாய்தான் அப்படி, மனம் அப்படியில்லை.

நான் தொடர்பை நிறுத்தி, எக்ஸ்டென்ஷனை மறுபடி எடுத்தேன். தர்ஷினி அதற்குள் புத்தகத்தை எடுத்துவிட்டாள். அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. ராசையா மகனுக்குப் போன் எடுத்து என்னிடம் நீட்டினார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

நான் கடையின் பேரைச் சொல்லி, பாட்டு இறக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா! அது என்ன தம்பி, அடிக்கடி காணாமப் போகுது? நானும் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் சிவா.

நான் இங்கே எடுத்ததும் அங்கே காணாமல் போயிருக்கிறது. அவன் அங்கே போட்டதும் இங்கே வந்திருக்கிறது. ஒரே வேலியை ஒருவன் கட்ட ஒருவன் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். விஷயத்தைச் சொன்னேன். அவன் குரல் ஏறியது.

"அப்ப நான் அந்தப் படமெல்லாம் பாக்குறவன்னு சொல்றீங்களா?"

"இல்லண்ணே. உங்க மேல தப்பே இல்ல. பாட்டுக்குத்தான் போட்டிருக்கீங்க. அது தானா தொறக்குற வேல."

"ஆங். அதானே பாத்தேன். தானா வர்றதுக்கு மனுசன் என்ன பண்ண முடியும்? சும்மா என் பேர இழுக்காதீங்க" என்றான். அவனுக்கு மூச்சு வந்துவிட்டது. அவன் மேல் பழியில்லை என்று ஆவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தாய் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அப்ப தங்கச்சி பரீட்ச எழுதட்டும் தானேய்யா? அவ மேலயும் தப்பில்லயே."

"அது வேறம்மா. எடம் பேசியாச்சு. என் முதலாளியோட சொந்தக்காரங்க கடை. ஞாயித்துக்கிழம கொண்டாந்து விடுறேன்னு சொல்லிட்டேன். இப்ப போய் என்னன்னு சொல்றது? இந்தக் கதையச் சொல்லவா?"

"நான் அங்க வந்து பேசுறேன்" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"தம்பி, நீங்க மெஷின் பாக்க வந்தீங்க. பாத்துட்டீங்க."

எல்லோரும் ராசையாவைப் பார்த்தோம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கண் ஆபரேஷன், மேசை, கணினி, கூரைத் தகரம் எல்லாம் அந்தக் குரலிலிருந்து வந்தவை. "அவன் சொல்லிட்டான்" என்றார், யாரிடமும் என்றில்லாமல். தர்ஷினி புத்தகத்தை மூடவில்லை. அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் சாமான்களை எடுத்து வைக்கும்போது அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அண்ணே, எனக்கு ஒரு கணக்குத் தொறந்து தர்றீங்களா? என் பேர்ல. என் நோட்ஸெல்லாம் அதுல போட்டுக்கிறேன். அங்க போனாலும் தொறந்து பாக்கலாம்தானே?"

திறந்தோம். பேர் கேட்டது, கொடுத்தாள். போன் நம்பர் கேட்டது. அவளுக்குப் போன் கிடையாது. அப்பாவுடைய சிம் அண்ணன் பேரில். மறுபடியும் அக்காவுக்கு எடுத்தேன்.

"கடை நம்பரப் போடு. வேற ஊர்ல தொறந்தா ஒரு இலக்கம் கேக்கும், அது இங்க கடை போனுக்கு வரும். அவளக் கடைக்கு எடுத்துக் கேக்கச் சொல்லு. யார் இருந்தாலும் சொல்லுவாங்க" என்றார்.

கடை நம்பரை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள், ஒரு இலக்கம்கூடப் பிழைக்கவில்லை. அன்றிரவும் மறுநாளும் தன் கொப்பிகளைப் படமெடுத்து அந்தக் கணக்கில் ஏற்றியிருக்கிறாள். பாக்கியம்தான் படமெடுக்கத் தன் போனைக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை சிவா வந்து கூட்டிப்போனான்.

பரீட்சைக் காலம் வந்தது, போனது. அடுத்த வருடம் கடை மூடினோம். அக்கா வத்தளையில் இருந்த தன் அண்ணன் வீட்டோடு போகும்போது சாமான்களை எல்லாம் விற்றார். அந்தப் பொத்தான் போனை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

"சிம்ம சாகவிடாத. ரீலோட் போட்டுக்கிட்டே இரு. அந்தப் புள்ள போன் எடுத்தா யாராவது இருக்கணும்ல."

போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருமுறை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ராசையாவைக் கண்டேன். பிள்ளை நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடையில் கணினியில்தான் பில் போடுகிறாளாம். "போன் மட்டும் விடமாட்டாங்களாம் தம்பி. வேலைக்கு இருக்குற புள்ளைங்க யார் கையிலயும் போன் இருக்கக்கூடாதாம். தீபாவளிக்கு விடுவாங்க" என்றார். பரீட்சையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முன் வரிசையில் இருந்த அந்தப் பிள்ளை வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்டதற்கு அடுத்த வாரம் இது நடந்தது. பகல் நேரம். லொறியில் கோவா ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நான் நிறை பதிந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பொத்தான் போன் அதிர்ந்தது. குறுஞ்செய்தி. ஒரு இலக்கம், அதற்குக் கீழே, இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில். இந்த நம்பரைக் கொடுத்துத் திறந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான், தர்ஷினியின் கணக்கு. அந்தக் கணக்கின் பேர் அவளுக்கும் எனக்கும் அக்காவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

வெளியே ஓடி வந்து, லொறிச் சத்தம் கேட்காத இடத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கேயோ ஒரு பில் போடும் கணினிக்கு முன்னால், முதலாளி அந்தப் பக்கம் போன நேரத்தில், அவள் இந்த இலக்கத்துக்காக உட்கார்ந்திருக்கிறாள். இலக்கம் என் கையில் இருக்கிறது. அவளுக்கு என் நம்பர் தெரியும். கேட்க ஒரு போன்தான் வேண்டும். அது அந்தக் கடையில் எந்தப் பிள்ளையின் கையிலும் இல்லை.

அந்த இலக்கங்கள் சில நிமிடங்களில் செத்துவிடும். செத்திருக்கும் என்று நான் நினைத்த நேரத்தில் போன் மறுபடி அதிர்ந்தது. புது இலக்கம். மறுபடி அனுப்பு என்று அழுத்தியிருக்கிறாள்.

ராசையாவுக்குப் போன் எடுத்தேன். தொழிற்சாலையில் இருந்திருப்பார், எடுக்கவில்லை.

அன்றைக்கு மூன்றாவது வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இதுதான் அந்தப் போனின் கதை. ராகலையில் என் மேசை மேல் அதைத் திரை தெரியும்படி வைத்திருக்கிறேன். சார்ஜ் முழுதாக இருக்கிறது.